கொலுப் பொம்மைக்கு அடிமாட்டு விலையா?

நவராத்திரி நெருங்கிவிட்டால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் படி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. கன்னடக் குடும்பங்களும் தசராவுக்குப் பொம்மை வைக்கின்றன. அல்சூரிலோ மல்லேஸ்வரத்திலோ கொலு பார்க்கப் போகிறவர்கள் புதுப் பொம்மையைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே வாங்கினீர்கள்?" என்பது. இரண்டாவது, "எவ்வளவு குறைத்தீர்கள்?" என்பது. இந்த இரண்டாவது கேள்விதான் யோசிக்க வேண்டியது.

பென்சன் டவுனை ஒட்டியுள்ள பாட்டரி டவுனில் தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக மண் பிசைந்து வருகின்றன. நகரத்து ஏரிகள் பல வீட்டு மனைகளாகிவிட்டதால், களிமண்ணை வெளியிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மழை பிடித்தால் பொம்மை காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். வெடித்த பொம்மைக்கு யாரும் விலை தருவதில்லை.

மைசூர் ரயில் பாதையில் சுமார் 60 கிலோ மீட்டரில் இருக்கும் சன்னபட்டணாவின் கதையும் இதுதான். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் கட்டையின் மேல் வண்ண அரக்கை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். 2005-06-இல் இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்ததே தவிர, விலைக்கு வரவில்லை. மலிவான சீனப் பொம்மைகள் சந்தையை நிரப்பின. மத்திய அரசு பொம்மை இறக்குமதித் தீர்வையை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது. அயல்நாட்டுப் பொம்மையைத் தீர்வை தடுக்கலாம். உள்ளூர்க்காரரின் பேரத்தை எந்தத் தீர்வை தடுக்கும்?

கண்ணாடிக் கடையில் சீட்டில் போட்ட விலையை வாய் திறக்காமல் கொடுப்பவர், நடைபாதையில் கடை விரித்தவரிடம் பாதி விலைக்குக் கேட்கிறார். மாதச் சம்பளக்காரருக்குக் கையைக் கடிக்கும் என்பது உண்மையே. பண்டிகைக் கூட்டத்தைப் பார்த்து விலையை இரட்டிப்பாகச் சொல்லும் வியாபாரிகளும் உண்டு. பாதியாகக் கேட்பார்கள் என்று அவர் ஏற்றிச் சொல்கிறார். ஏற்றிச் சொல்வார் என்று இவர் பாதியாகக் கேட்கிறார். ஏற்றிய காசு வியாபாரியின் பைக்குப் போகிறது. குறைத்த காசு மட்டும் செய்தவரின் கூலியில் போய் விழுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே தெருவில் கொலு வைக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஆடி மாதத்திலேயே செய்பவரிடம் நேரில் போய், முன்பணம் கொடுத்துச் சொல்லி வைக்கலாம். அவர் வட்டிக்கு வாங்காமல் மண்ணும் விறகும் வாங்குவார். வாங்குபவருக்குத் தரகு மிச்சம். செய்பவரும் செட்டுக்கு இன்ன விலை என்று பலகையில் எழுதி, எல்லோருக்கும் அதே விலைக்குக் கொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பதுதான் பெரியவர்கள் வைத்த வழக்கம். ஐந்து வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒன்றைச் செய்தவரின் வயிறு வாடாத விலைக்கு வாங்கினால், அடுத்த ஆண்டும் பொம்மை செய்ய அவர் அந்தத் தொழிலில் இருப்பார்.