உழைக்கிறவள் ஊர்க்காரி இல்லையா?

விடியற்காலை நேரம். செகந்திராபாத்திலிருந்து மெகிதிப்பட்டணம் போகும் 49எம் பேருந்தில் இரண்டு பெண்கள் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். இருவர் கையிலும் தூக்குச்சட்டி. ஒருத்தி ஆதார் அட்டையை நீட்டுகிறாள். கண்டக்டர் பூஜ்ய டிக்கெட் அடித்துக் கொடுக்கிறார். மற்றவளும் ஆதார் அட்டையைத்தான் நீட்டுகிறாள். ஆனால் அதில் விழுப்புரம் மாவட்டத்து முகவரி இருக்கிறது. அவள் காசு கொடுத்தாக வேண்டும். ஒரே பேருந்து, ஒரே வேலை, ஒரே தூரம். வேறுபாடு, அட்டையில் அச்சாகியிருக்கும் மூன்று வரிகள் மட்டுமே.

தெலங்கானா அரசின் மகாலட்சுமி திட்டம் 2023 டிசம்பர் 9 அன்று தொடங்கியது. நகருக்குள் சிட்டி ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ் பேருந்துகளிலும், வெளியூர்களுக்குப் பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் பேருந்துகளிலும் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் திருநங்கையருக்கும் கட்டணமில்லை. 2025 ஜூலையில் 200 கோடி இலவசப் பயணங்கள் நிறைவடைந்தன என்று அரசு விழா எடுத்தது. கூலிக்காரப் பெண்ணின் மடியில் பணம் தங்குகிறது என்றால் அதை முதலில் வரவேற்கிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். திட்டத்தின் மீது நமக்குப் பகை இல்லை. திட்டத்தின் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

வாசலுக்கு வெளியே நிற்பவர்களின் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. 2025 ஜூன் மாதத்தில் சிட்டி ஆர்டினரி மாதாந்திர பாஸ் 1,150 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. மெட்ரோ எக்ஸ்பிரஸ் பாஸ் 1,300 ரூபாயிலிருந்து 1,600 ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 6 முதல் நகரப் பேருந்துகளில் முதல் மூன்று ஸ்டேஜ்களுக்கு 5 ரூபாயும், நான்காவது ஸ்டேஜிலிருந்து 10 ரூபாயும் கூடுதலாக வசூலிக்கப்பட்டன. மின்சாரப் பேருந்துகளுக்கான வசதிகளுக்கு இந்தப் பணம் தேவை என்றது போக்குவரத்துக் கழகம். புகையில்லாத பேருந்து வரட்டும், நல்லதுதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்டேஜுக்கு மேல் போய்வருகிற ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் கூடுதல்; 26 நாள் வேலைக்கு 520 ரூபாய். இது முழுக் கட்டணமல்ல, உயர்ந்த தொகை மட்டும். பாஸ் எடுத்தால் ஆண்டுக்கு 16,800 ரூபாய். நம் வீடுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து இதை இருமடங்காகக் கட்டுகிறோம்.

"மாநில அரசின் பணத்தை மாநில மக்களுக்குக் கொடுக்கிறார்கள், அயலூர்க்காரர் எப்படிக் கேட்கலாம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. அதற்கு நேரான பதிலும் உண்டு. சரக்கு சேவை வரி, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குச் சேருகிற வரி. மல்காஜ்கிரியில் நாம் வாங்கும் சோப்பிலும், செருப்பிலும், கைப்பேசி ரீசார்ஜிலும் மாநிலத்தின் பங்கு தெலங்கானா கருவூலத்துக்குத்தான் போகிறது, சென்னைக்கு அல்ல. வரி வாங்கும்போது முகவரி கேட்காத அரசு, பேருந்தில் ஏறும்போது மட்டும் கேட்கிறது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் பயணம் செய்கிறார்கள். அங்கே எந்த அட்டையையும் காட்ட வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒடிசாப் பெண்ணும், சென்னையில் சித்தாள் வேலை செய்யும் தெலுங்குப் பெண்ணும் கட்டணமின்றியே போகிறார்கள். தில்லியும் 2019 அக்டோபரில் திட்டத்தைத் தொடங்கியபோது அட்டை கேட்கவில்லை. 2023 ஜூனில் தொடங்கிய கர்நாடகமும், 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ஆந்திரமும் தெலங்கானாவைப் போலவே உள்மாநில முகவரி என்ற வேலியைப் போட்டன. ஒரு தெலங்கானாப் பெண் நாளை பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனால் அவளும் வேலிக்கு வெளியேதான் நிற்பாள். ஆகவே இது தமிழர் பிரச்சினை மட்டுமல்ல. ஊர் விட்டு ஊர் போய் உழைக்கும் அத்தனை பேரின் பிரச்சினை.

இந்த நகரின் போக்குவரத்துக்கும் நமக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. லாலாகுடா ரயில்வே பணிமனை 1893இல் எழுந்தது. அதைச் சுற்றியும் செகந்திராபாத் கண்டோன்மெண்டைச் சுற்றியும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. இங்கே முதல் அரசுப் பேருந்துகளை 1932இல் ஓட்டியதும் நிஜாமின் ரயில்வேதான், வெறும் 27 பேருந்துகளோடு. தண்டவாளத்திலும் பட்டறையிலும் நம் முன்னோர் சிந்திய வியர்வையும் இந்த நகரின் சக்கரங்களில் இருக்கிறது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கண்டக்டரோடு சண்டை போடாதீர்கள். விதியை அவர் எழுதவில்லை. 2019 அக்டோபர் 5 முதல் ஐம்பது நாட்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, தாங்களாகவே வேலையை இழந்துவிட்டதாக முதலமைச்சர் வாயாலேயே அறிவிக்கப்பட்ட தொழிலாளர்கள் அவர்கள். நிரம்பி வழியும் பேருந்தில் ஒவ்வொரு அட்டையையும் பார்த்தாக வேண்டிய சுமையும் அவர்கள் தலையில்தான். இலவசமாகப் போகும் பக்கத்து இருக்கைப் பெண்ணும் நம் எதிரியல்ல. அவளுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

இப்போது நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது என்ன? விதி கேட்பது முகவரியைத்தான். பிறந்த ஊரையோ பேசும் மொழியையோ அல்ல. தெலங்கானா முகவரியோடு ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அரசு அடையாள அட்டை வைத்திருக்கும் தமிழ்ப் பெண்ணுக்குப் பூஜ்ய டிக்கெட் உரிமை உண்டு. அசல் அட்டையைக் கொண்டுபோங்கள். நகலும் கைப்பேசிப் படமும் செல்லாது. பான் அட்டையில் முகவரி இல்லாததால் அதுவும் செல்லாது. இங்கேயே நிலையாகத் தங்கிவிட்டவர்கள் ஆதார் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். கணவர் பெயரில் உள்ளூர் முகவரி இருந்தால், குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு மனைவி மாற்றிக்கொள்ளும் வழி 2023 முதல் உண்டு. ஊரில் ரேஷன் அட்டையோ மகளிர் உரிமைத்தொகையோ இருப்பவர்கள் மட்டும், அங்கே விசாரித்துத் தெளிந்த பிறகு மாற்றுவது நல்லது. அவசரப்பட்டு இங்கே ஒன்றைப் பிடிக்கப் போய் அங்கே ஒன்றை விட்டுவிடக் கூடாது.

ஆனால் எல்லோராலும் மாற்ற முடியுமா? கட்டடம் எழும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கும் குடும்பத்துக்கு எந்த வாடகைப் பத்திரம்? எட்டு மாதம் இங்கே, நாற்று நடவுக்கும் திருவிழாவுக்கும் அங்கே என்று வாழ்கிறவள் எந்த ஊர்க்காரி? வாழ்க்கைக்கு இரண்டு ஊர், அட்டைக்கோ ஒரே ஊர். அவளை விதிக்கேற்ப வளையச் சொல்வதைவிட, விதியை அவளுக்கேற்பத் தளர்த்துவதே நியாயம்.

ஆகவே நாம் கேட்பவை இரண்டு. தமிழ்நாட்டைப் போல அட்டையே கேட்காமல் எல்லாப் பெண்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அது உடனே இயலாது என்றால், 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் தொழிலாளியின் தற்போதைய முகவரியும் இருக்கிறது. அதையும் கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையையும் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் அரசே கொடுக்கும் சான்றுகள்தான்.

தோழர்களே, தாய்மார்களே! இந்தக் கோரிக்கையைத் தனித்தனியாகப் பேருந்துப் படிக்கட்டில் நின்று கேட்டால் அது வாய்த்தகராறாக முடியும். ஒடிசாக்காரர், பீகார்க்காரர், ஆந்திரத்தார் என்று பக்கத்துக் கொட்டகைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு மனுவாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது கோரிக்கையாகும். நம் தெரு நிறுத்தத்தில் காலையில் எத்தனை பெண்கள் காசு கொடுத்து ஏறுகிறார்கள் என்று இந்த வாரமே எண்ணத் தொடங்குங்கள். அந்த எண்ணிக்கைதான் நம் மனுவின் முதல் வரி.