குறி சொல்லும் பெட்டி

நாடியைத் தொட்டவுடன் மருந்துப் பெட்டியைத் திறக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. நாக்கைப் பார்க்க வேண்டும், நேற்று உண்டது யாதென்று வினவ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் எமது வாகனம் நோயுற்றால் மட்டும், ஸ்கேனர் என்னும் கையடக்கக் கருவியில் ஓர் இலக்கம் தோன்றிய மாத்திரத்தே அதனையே தீர்ப்பாகக் கொண்டு பணப்பையை அவிழ்த்து விடுகிறோம். ஆதலால் இவ்வாரம் ஓட்டோ கியர் வாகனங்களின் கோளாறுக் குறிகளைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

இஃது ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு ஏற்ற விஷயமா என்று முகஞ் சுளிக்கும் அன்பர்கள், தம் வாசலில் நிற்கும் வாகனத்தின் வயதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக. 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்து விடப்பட்டது. அந்த இடைவெளி முழுவதும், ஜப்பானிலிருந்து முன்னரே வந்து சேர்ந்த வண்டிகளே எமது மலைகளில் ஏறியிறங்கி மூப்படைந்தன. தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்ப்பவை அவைதாம்.

ஓட்டோ கியரின் வயிற்றுக்குள் ஒயில் ஓடுகிறது. அதனை எப்பாதையில் விடுவது என்பதை நிர்ணயிப்பவை சொலனொயிட் எனப்படும் சிறு மின்காந்த வால்வுகள். வாகனத்தின் கணினி மின்னோட்டம் அனுப்ப, அவை திறக்கும் அல்லது மூடும், கியர் மாறும். உட்செல்லும் தண்டின் வேகம், வெளிவரும் தண்டின் வேகம், ஒயிலின் சூடு ஆகியவற்றை உணரிகள் கணினிக்கு அறிவிக்கின்றன. இத்தனை செய்திப் போக்குவரத்தும் மெல்லிய வயர்கள் வழியே நிகழ்கிறது. வயர் அறுந்தாலும், இணைப்பில் ஈரம் புகுந்தாலும் செய்தி கிட்டாது. அந்தக் குறையைத்தான் கணினி ஒரு குறியாக எழுதி வைக்கிறது.

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு முதல் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும் இக்குறிகள் ஒரே முறையில் அமைய வேண்டுமென விதிக்கப்பட்டது. பிற நாடுகள் பின்தொடர்ந்தன. முதலில் ஓர் எழுத்து, பின்னர் நான்கு இலக்கங்கள். ‘பி’ என்பது எஞ்சினையும் கியரையும் குறிக்கும். அதனைத் தொடர்ந்து 07 வந்தால் கியரைச் சார்ந்தது என்க. ‘பி 0700’ என்பது வெறும் கதவு தட்டல்: கியர்க் கணினியிடம் வேறொரு குறி இருக்கிறது, போய்க் கேள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதை மட்டும் பார்த்துக் கியர்பொக்ஸை இறக்குவோரும் உளர்!

கடைசி இலக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘பி 0751’ என்றால், முதலாவது சொலனொயிட்டுக்கு மின்சாரம் போகிறது, ஆயினும் வேலை நடக்கவில்லை என்பது பொருள். அங்கே அழுக்கையோ ஒயிலையோ வால்வையோ சந்தேகிக்கலாம். ‘பி 0753’ என்றால் மின்சுற்றிலேயே குறை. சுருளாகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம், இணைப்பாகவும் இருக்கலாம், அருமையாகக் கணினியாகவும் இருக்கலாம். குறி சுற்றின் பெயரைச் சொல்லுமேயன்றிக் குற்றவாளியின் பெயரைச் சொல்லாது.

சென்ற மழைக்காலத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாடகை வேன் ஓட்டும் எமது பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார்.

“சேர், கியர்பொக்ஸே போச்சாம். வேற ஒன்னு வாங்கிப் போடணும்னு சொல்றாங்க. அம்மாவோட சங்கிலி ஏற்கனவே அடகுலதான் கெடக்கு,” என்றார்.

கையிலிருந்த துண்டுக் கடதாசியில் ‘பி 0753’ என்று எழுதியிருந்தது. அவரை அத்தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் மின்வேலை பார்க்கும் ஒருவரிடம் அனுப்பினோம். கொழுந்து வாட்டும் விசிறிகளின் மோட்டார்களோடு காலமெல்லாம் பழகியவர். ஓட்டோ கியரை ஒருநாளும் திறந்தவரல்லர். ஆயினும் மீற்றர் பிடிக்கத் தெரிந்தவர். அவர் செய்தது இவ்வளவே. கியர்பொக்ஸின் பக்கத்திலுள்ள இணைப்பைக் கழற்றிச் சுருளின் தடையை அளந்தார். 13 ஓம் காட்டியது. டொயோட்டா வண்டிகள் பலவற்றின் கியர் மாற்றும் சொலனொயிட்டுக்கு 11 முதல் 15 ஓம் வரை ஆரோக்கியமான அளவு. சுருள் அறுந்திருந்தால் அளவே காட்டாது. குறுக்குச்சுற்று நேர்ந்திருந்தால் பூச்சியத்தை அண்டும். ஆகவே சுருள் பழுதற்றது. அடுத்து, கணினியிலிருந்து வரும் வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தபடியே கையால் அசைத்துப் பார்த்தார். அளவு தாவித் தாவி ஓடியது. இணைப்பின் ஊசியொன்றில் பச்சைக் களிம்பு. அதற்குச் சாண் தூரத்தில், மேலுறை கெடாமலே உள்ளே அறுந்த செம்பு.

“தம்பி, பெட்டி நல்லாத்தான் இருக்கு, வயருதான் செத்துப் போச்சு,” என்றாராம். செலவு ஒருநாள் வாடகைக்கும் குறைவு.

ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழையும், அப்புத்தளைப் பக்கத்து மூடுபனியும் வண்டியின் அடிவயிற்று இணைப்புகளை விட்டு வைப்பதில்லை. எலிகளும் தம் பங்கைச் செய்கின்றன. மற்றொன்று: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குறிகள் ஒருங்கே தோன்றினால் முதலில் பற்றரியைப் பாருங்கள். ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ற்று, எஞ்சின் ஓடுகையில் 14 ஐ ஒட்டி இருத்தல் வேண்டும். பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையே அரை வோல்ற்று காட்டினால் பூமி வயர் துருப்பிடித்திருக்கிறது. கணினி பாவம், அரைப்பட்டினியில் உளறுகிறது.

எல்லாக் கியர்பொக்ஸும் நிரபராதி என்று நாம் வாதாடவில்லை. ஒயில் கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசி, ‘பி 0730’ என்று கியர் விகிதமே பிழைப்பதாகக் குறி வந்தால், திறந்துதான் ஆக வேண்டும். அவ்வேளையில் கராஜ்காரரைக் குறை கூறுவது நியாயமன்று.

குறி தோன்றியபின் பல வண்டிகள் மூன்றாம் கியர் போன்ற ஏதேனும் ஒன்றிலேயே நின்றுவிடும். மெல்ல வீடு சேர்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. சமதரையில் அது வரம். எமது மலைகளிலோ ஆபத்து. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய நோக்கி இறங்குகையில் சிறிய கியரின் பிடிப்பு இல்லையெனில், பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். விளக்கு எரியும் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவ்வழி இறங்கலாகாது. ஸ்கேனரால் குறியை அழித்துவிட்டு, விளக்கு அணைந்தது என்று புறப்படுவது அதனினும் மோசம்: குறி பிறந்தபோது வேகம் என்ன, சூடு என்ன என்று கணினி சேமித்த விவரமும் உடன் அழிந்துபோகும். முதலில் கொப்பியில் எழுதிக்கொள்க.

மலிவான ஸ்கேனர்கள் எஞ்சினின் குறிகளை மட்டுமே வாசித்துக் கியரின் குறிகளை விட்டு விடுவதுண்டு. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென ஆக்கிய பழைய வண்டிகள் சிலவற்றோடு அவை பேசவே மாட்டா. 1990 களின் டொயோட்டா பலவற்றுக்கு ஸ்கேனரே வேண்டியதில்லை. பொனற்றின் கீழுள்ள சிறு பெட்டியின் மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து, டி.ஈ.1, ஈ.1 என்னும் இரு முனைகளை மட்டும் வயர்த்துண்டால் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியைத் திருப்பினால், ‘ஓ.டி. ஓஃப்’ விளக்கு மின்னத் தொடங்கும். ஆறு மின்னல், ஓர் இடைவெளி, இரண்டு மின்னல் என்றால் 62: முதலாவது சொலனொயிட்டின் சுற்று. 63 என்றால் இரண்டாவது. கோளாறு ஏதுமில்லையெனில் ஒரே சீராக மின்னிக்கொண்டேயிருக்கும்.