ஓடைக்கு விட்ட இடம்

ஓசூருக்கு அருகில் உள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலிருந்து தென்பெண்ணை சில நாள்களில் வெண்ணுரையாகப் பொங்கி வெளியேறுகிறது. தொலைவிலிருந்து காண்போர் பஞ்சுப் பொதி என்றே எண்ணுவர். அருகில் சென்றால் நாற்றம் உண்மையை உரைத்துவிடும். அந்நுரை பிறக்குமிடம் ஓசூரன்று. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே வந்து ஆற்றில் கலக்கும் கழிவுநீரே அதற்குப் பெருங்காரணம். மேட்டில் வாழ்வோர் ஓடையை நடத்தும் முறைக்குப் பள்ளத்தில் வாழ்வோர் விலை கொடுக்கின்றனர்.

பெங்களூரின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் அடுத்த ஏரியைச் சென்றடையுமாறு கால்வாய்களால் கோக்கப்பட்ட தொடர் அது. அக்கால்வாய்களைக் கன்னடத்தில் ராஜகாலுவே என்பர். நம் ஊர்களின் வரத்துக்கால்களுக்கு அவை உடன்பிறப்புகள். அகரா ஏரிக்கும் பெல்லந்தூர் ஏரிக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் பெரும் வணிக வளாகங்களுக்குத் திட்டமிடப்பட்டபோது, கட்டடம் கரையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கவேண்டும் என்னும் வினா வழக்காயிற்று.

அந்நகரின் பெருந்திட்டம் ஏரிக்கு 30 மீட்டரும், கால்வாய்களுக்கு அவற்றின் தரத்திற்கேற்ப 50, 25, 15 மீட்டரும் இடைவெளி விதித்திருந்தது. 2016 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்வளவுகளை உயர்த்தியது: ஏரிக்கு 75 மீட்டர், கால்வாய்களுக்கு 50, 35, 25 மீட்டர். 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வுயர்வை நீக்கியது. சட்டப்படி உருவான பெருந்திட்டத்தைத் தீர்ப்பாயம் தன் ஆணையால் திருத்த இயலாது என்பது அதன் முடிவு.

எண்களை மட்டும் நோக்குவோர் ஒன்றைக் காணத் தவறுவர். பெருந்திட்டம் கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து அளந்தது. தீர்ப்பாயமோ விளிம்பிலிருந்து அளந்தது. 10 மீட்டர் அகலமுள்ள ஒரு கால்வாயின் நடுவிலிருந்து 15 மீட்டர் அளந்தால், கரையில் எஞ்சுவது 10 மீட்டர்தான். அதே தரத்துக் கால்வாய் 20 மீட்டர் அகலம் கொண்டதாயின் எஞ்சுவது 5 மீட்டர். ஓட்டம் பெரிதாகப் பெரிதாக அதற்கு விடும் இடம் சுருங்கும் விந்தையான கணக்கு இது! அளவுநாடாவின் முனையை எங்கே பிடிப்பது என்னும் சிறு குறிப்பில் ஒரு நீரோடையின் விதி அடங்கிவிடுகிறது.

உச்சநீதிமன்றத்தின் முடிவில் குறை காண எனக்குத் தோன்றவில்லை. மக்களின் மறுப்புகளைக் கேட்டுத் திட்டம் வகுக்கும் பொறுப்பு, அதற்கென அமைந்த மன்றத்திடமே இருத்தல் வேண்டும். என் கவலை வேறு. முறைப்படி வகுத்த இடைவெளியையும் நாம் நிலைக்க விடுவதில்லை.

இடைவெளி என்பது வெற்றிடமன்று. பெருமழை நாளில் ஓடை தன் அகலத்தை நீட்டிக்கொள்ளும் அறை அது. நாணலும் கோரையும் அங்கே நின்று, தெருவிலிருந்து வழிந்துவரும் மண்ணையும் அழுக்கையும் தடுக்கின்றன. தூர்வாரும் இயந்திரம் இறங்கி நிற்பதற்கும் அவ்விடமே வேண்டும். இருகரையும் சுவராகிவிட்ட கால்வாய்களில் சேறு ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் நில உரிமையாளரின் தரப்பைப் புறந்தள்ளலாகாது. ஓடைக்கரையில் 30 மீட்டர் ஆழமுள்ள சிறு மனை ஒன்றே ஒருவரின் உடைமை எனக் கொள்வோம். 15 மீட்டர் விடச் சொன்னால் பாதி போயிற்று. வாழ்நாள் சேமிப்பை அதில் இட்டவர் தளர்வு கேட்பது இயல்பே. அத்தகையோர்க்காகவே உலகெங்கும் விதிவிலக்கு என்னும் வாயில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வாயிலின் வழியே யார் நுழைகிறார் என்பதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், தன் 113ஆம் பிரிவில், எந்த நிலத்திற்கும் கட்டடத்திற்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அவ்வாறு விலக்களித்த 62 ஆணைகளை நுகர்வோர் அமைப்பொன்று எதிர்த்தது. அவை ஓடைக்கரைக் கட்டடங்களுக்கென்றே பிறந்த ஆணைகள் அல்ல. எனினும் விலக்கு எவ்வாறு வழங்கப்பட்டது என்பதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், பிரிவு செல்லும் என்றது. ஆனால் ஆணைகளில் காரணங்கள் எழுதப்படவில்லை என்று குறைகூறியது. விலக்கு வேண்டியவர் பெற்றார். ஏன் பெற்றார் என்பது ஏட்டில் இல்லை. அதற்கிடையே 1998இல் விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் 113-அ பிரிவும் வந்துசேர்ந்தது. ஒரு முறைக்கு மட்டும் என்ற அத்திட்டத்தின் இறுதிநாள் பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1920களில் மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வகுக்கப்பட்ட மண்டலச் சட்டம் விலக்குக்குக் கடினமான படிகளை அமைத்தது. மனையின் தனித்த நிலைமையால் தேவையற்ற இன்னல் நேர்கிறது எனக் காட்டவேண்டும். பொதுநலனுக்கு மாறாகாமல் இருத்தல் வேண்டும். அறிவிப்புக் கொடுத்து, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் விசாரிக்கவேண்டும். இலாபம் குறையும் என்பது மட்டும் இன்னலாகாது என்று நீதிமன்றங்கள் பன்முறை கூறின. அங்கும் விலக்குகள் தாராளமாக வழங்கப்படுவதுண்டு. ஆயினும் கேட்பவர் எழுந்து நின்று பலர் அறியக் காரணம் சொல்லியாக வேண்டும்.

நாமும் அவ்வளவு கேட்கலாம். இன்னும் ஒரு படி மேலும் கேட்கலாம். விலக்குக் கோரும் கோப்பில் அந்த ஒரு மனையின் படமே இருக்கும். மூன்று மீட்டர் தளர்வு என்பது அப்படத்தில் ஒரு விரற்கடை. அதே ஓடையில் அதுவரை வழங்கிய தளர்வுகள் அனைத்தும் ஒரே படத்தில் குறிக்கப்பட்டு, அப்படத்தின்மீது புதிய விண்ணப்பம் வைக்கப்படுமானால், முடிவெடுப்பவரின் கை சற்றே தயங்கும். ஓடை அவற்றைத் தனித்தனியே பார்ப்பதில்லை, கூட்டித்தான் பார்க்கிறது. உண்மையில் இடர்ப்படும் சிறு உரிமையாளருக்கு, இழந்த கட்டடப் பரப்பை வேறிடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையை மாற்றித் தரலாம். அத்தகைய முறை நம் விதிகளுக்குப் புதிதன்று.

அக்கம்பக்கத்தார் என்பவர் யார் என்னும் வினாவும் எஞ்சுகிறது. மனைக்கு இடவலமாக இருப்போர் மட்டுந்தாமா? நீர் செல்லும் திசையில் அடுத்த தெருவிலும் அடுத்த ஊரிலும் உள்ளோரும் அண்டை வீட்டாரே. பெல்லந்தூரில் ஒரு மனை அளக்கப்படும்போது கெலவரப்பள்ளிப் பாசன உழவருக்கு அறிவிப்பு எதுவும் வருவதில்லை. இடையில் மாநில எல்லை ஒன்று இருக்கிறது. நுரைக்கு அது தெரியாது.