சைகோனுக்கு அரை நாளா?

நம் புதுச்சேரியில் என்னைப்போல் சைகோனில் வளர்ந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். எழுபது தாண்டியதும் எல்லோருக்கும் ஒரே ஆசை: கண் மூடுவதற்குள் அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அதைக் கொண்டுபோய் சுற்றுலா ஏஜென்டிடம் ஒப்படைக்கிறோமே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அவர்கள் நீட்டும் ஆறு நாள் திட்டத்தைப் பாருங்கள். ஹாலோங் விரிகுடாவில் படகு, தா நாங் அருகே மலைமேல் இரண்டு ராட்சதக் கைகள் தாங்கும் தங்கப் பாலம், கூச்சி சுரங்கம். சைகோனுக்கு அரை நாள்! மாதா கோவில், தபால் நிலையம், படம் எடுக்க இருபது நிமிடம், மறுபடி பஸ். 'தினமும் இரவு இந்திய உணவு' என்று பெருமை வேறு. ஹூ தியூவும் நுவோக் மாமும் தின்று வளர்ந்த நாக்குக்கு அங்கே போய்ப் பன்னீர் மசாலாவா? நாம் வீட்டில் பொரிக்கும் சாயோவே அங்கிருந்து வந்ததுதானே!

முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கோப்புகளில் பொடி எழுத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். 'எல்லாம் சேர்த்து' என்ற விலைக்குக் கீழே விசா தனி, டிப்ஸ் தனி என்று பொடியாகப் போட்டிருந்தது. விசாவுக்கு ஏஜென்ட் எதற்கு? வியட்நாம் அரசின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர். 90 நாள் வரை தரலாம்.

இன்னொரு கூத்து, வழிகாட்டி. நம் அப்பாக்களுக்கு அது ரூ கத்தினா. நமக்கு து தோ. 1975-க்குப் பிறகு தொங் கொய். கூட வரும் பையனுக்குக் கடைசிப் பெயர்தான் பழக்கம். அந்தத் தெருவை அவனா நமக்குக் காட்டுவது?

நான் போட்டிருக்கும் திட்டம் இது. மழையில்லாத டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் பயணம். தேத் புத்தாண்டு வாரம் மட்டும் கூடாது, கடைகள் மூடிவிடும். ஒரே ஊர், ஒரே அறை, பத்து நாள். பென் தான் சந்தைக்கு நடக்கும் தூரத்தில் தங்கினால் மாரியம்மன் கோவில் பக்கம்தான். வியட்நாமியப் பெண்கள் அங்கே சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்து வேண்டிக்கொள்வதைப் பார்க்கலாம். பழைய ரூ ஒஹியேயில் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோவில். தொங் கொய்யை ஒட்டித் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல். இவை எதுவும் எனக்கு வந்த திட்டத்தில் இல்லை.

'எல்லாம் மாறிப்போச்சு, அங்கே என்ன இருக்கு?' என்பார்கள். புதுச்சேரி மாறவில்லையா? கட்டடம் மாறும். 'மா' என்ற ஒரே சொல்லை ஏற்றி இறக்கிப் பேய், அம்மா, நாற்று என்று மூன்றாக்கும் அந்தச் சத்தம் மாறாது. அதைக் கேட்கத்தான் போகிறோம். பஸ் ஜன்னலுக்குள் அது கேட்காது.

பிள்ளைகள் அன்பாக டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றால் மறுக்காதீர்கள். "டிக்கெட் நீ போடு, திட்டம் நான் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். முழங்கால் ஒத்துழைக்கும்போதே சொல்லுங்கள்.