மாமூல் அன்று, கொள்ளை!

தமிழ்மக்களே! கையூட்டுக்கு 'மாமூல்' எனப் பெயரிட்டு அழைப்பது எத்துணை இழிவு! அரபு வழி வந்த அச்சொல்லுக்கு 'வழக்கமானது' என்பதே பொருள். கொள்ளைக்கு 'வழக்கம்' என்னும் முகமூடி அணிவித்தால், கொடுப்பவன் கூசான், பெறுபவன் அஞ்சான். அம்முகமூடியைக் கிழிக்க வல்லது எள்ளல்.

சீனத்தில் 2012-இல் 36 பேர் மாண்ட பேருந்து நேர்ச்சியிடத்தில் சிரித்து நின்றான், யாங் தாசாய் என்னும் அலுவலன். இணையத்து மக்கள் அவனுடைய பழைய படங்களைத் தேடியெடுத்து, விலைமிக்க கைக்கடிகைகளை எண்ணிக் காட்டி, 'கடிகை அண்ணன்' என்று நகைத்தனர். மறு ஆண்டே அவனுக்கு 14 ஆண்டுச் சிறை! வாய்ப்பூட்டிட்ட நாட்டிலேயே நகைப்பு வென்றது.

தமிழகத்திலோ, அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் நகையாடிய அட்டைப்படத் துணுக்குக்காக 1987-இல் ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வெடிக்கவே, சில நாள்களில் விடுவித்தது. 2007-இல் சென்னையின் 'ஐந்தாம் தூண்' அமைப்பு சுழி உருபாத் தாளை அச்சிட்டு வழங்கியது. கையூட்டுக்கு நீளும் கையில் மதிப்பில்லாத் தாளை வைப்பது எத்துணைக் கூரிய எள்ளல்!

ஆயினும், நகைத்துவிட்டுக் கொடுப்பவன் கோழையே. 2018-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவன் 7 நாள்களுக்குள் முறையிட்டால் தப்புவான்.

சத்துவாச்சாரி ஆட்சியரகத்துக்குத் திங்கட்கிழமைதோறும் முறையீட்டுத் தாளுடன் வரும் எளியோரே! எந்தப் பணிமனையில் எவன் 'மாமூல்' கேட்பினும், "கொள்ளையா கேட்கிறீர்?" என்று உரத்த தமிழில் வினவுங்கள். சுற்றி நிற்போர் நகைக்கட்டும்!