பழைய மேளமும் எங்கள் நேரமும்

மீள்குடியேறிய கிராமமொன்றின் பொதுமண்டபத்தில் அண்மையில் ஒரு சுவர் மணிக்கூட்டைக் கண்டோம். கிட்டச் சென்று பார்த்தபோதுதான், அது ஒரு காலத்தில் பாண்ட் வாத்தியக் குழுவொன்றின் மேளமாக இருந்தது என்பது விளங்கியது. தோல் கிழிந்து, பலகை பிளந்து, மூலையில் கிடந்ததை இளைஞர் சிலர் எடுத்துத் துப்புரவாக்கி மணிக்கூடாக்கியிருந்தார்கள். எல்லோரும் மெச்சினார்கள். வயதான விவசாயி ஒருவர் மட்டும், "சுவாமி, நாங்கள் காணியைக் கேட்டால் நீங்கள் மணிக்கூடு செய்யப் பழக்கிறியளோ?" என்றார்.

அந்தக் கேள்வி எம்மைச் சுட்டது. அதில் நியாயம் இருக்கிறது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு அவர்களது செம்மண் தோட்டங்கள் முழுவதும் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. தோட்டக்காரனுக்குக் காணியின் இடத்தை எந்தக் கைப்பணியும் நிரப்பாது. மெழுகுதிரி, கைப்பை, பொம்மை என்று எத்தனையோ பயிற்சிகள் நம்மிடம் வந்தன. பல இடங்களில் சான்றிதழ் மிஞ்சியது. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. ஆகவே மேள மணிக்கூட்டையும் ஒரு வருமானத் திட்டமாக எவரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்பதே எமது முதல் கருத்து.

ஆனால் இடம்பெயர்ந்தவர் இழப்பது காணியை மட்டுமல்ல. தம்முடைய நேரத்தையும் இழக்கிறார். ஊரில் விடிவெள்ளியைப் பார்த்து எழுந்தோம்; கோயில் மணி கேட்டு இறைப்பை நிறுத்தினோம். முகாமிலோ தண்ணீர் வண்டி வரும் நேரம், நிவாரணம் கொடுக்கும் நேரம், வாசல் திறக்கும் நேரம் என்று எல்லாம் பிறர் குறித்த நேரமாயிற்று. வரிசையில் நிற்பவனுக்குத் தன் நேரம் என்று ஒன்றில்லை.

தொண்ணூறுகளை நினைத்துப் பாருங்கள். பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் மணிக்கூடு நின்றுபோனது! சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. வன்னியில் பழைய நேரமே புழங்கியது. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின், ஓமந்தையைக் கடந்தவர்கள் "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது.

இன்று மணிக்கூடு எதற்கு? கைத்தொலைபேசியே நேரம் காட்டுகிறதே என்பார்கள். அது ஒருவரது சட்டைப்பையில் இருக்கிறது. பொதுச்சுவரில் தொங்குவது எல்லோருக்கும் உரியது. பங்குக் கிணற்றில் இறைப்பு முறை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். ஒருவர் முறை எப்போது முடிகிறது, அடுத்தவர் முறை எப்போது தொடங்குகிறது என்பதில் கால் மணித்தியாலம் பிசகினாலே பகை மூளும். மீளக் குடியேறிய இடங்களில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே கிணற்றில் இறைக்கும்போது, பழகிய விட்டுக்கொடுப்பும் இருப்பதில்லை. எல்லோரும் பார்க்கும் ஒரே மணிக்கூடு அங்கே ஒரு சிறு நீதிபதி.

அதற்காக, கண்ட மேளத்தையெல்லாம் வெட்ட வேண்டாம். இது எமது இரண்டாவது கருத்து. தோல் கிழிந்தது என்பதற்காக மேளம் செத்துவிடவில்லை. பாண்ட் மேளமானால் நகரத்துக் கடையில் மாற்றுத் தோல் கிடைக்கும். பறையோ தவிலோ ஆனால் அதற்குத் தோல் மாற்றத் தெரிந்தவரிடம் முதலில் கொண்டுபோக வேண்டும். அவரும் நம்மோடு இடம்பெயர்ந்தவர்தான். அவரது வாசலுக்குப் போகக் கூச்சப்படும் பழைய வியாதி நம்மிடையே இன்னும் தீரவில்லை. அவர் கையைப் பார்த்துக் கூலி கொடுப்பதும் அபிவிருத்தியே. "இனி இது ஒலிக்காது" என்று அவர் சொன்ன பின்பே மணிக்கூட்டைப் பற்றிப் பேசலாம்.

அப்படியான மேளம் கிடைத்தால் வேலை கடினமல்ல. கிழிந்த தோலைக் கழற்றி, மெல்லிய ஒட்டுப்பலகையை வளையத்தினுள் பொருந்துமாறு வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். கவராயம் இல்லாவிட்டால் ஆணியும் நூலும் போதும். வட்டம் கீறிய அதே அளவை மாற்றாமல் விளிம்பில் சுற்றிவர அடையாளமிட்டால் சரியாக ஆறு புள்ளிகள் வரும். ஒவ்வோர் இடைவெளியையும் இரண்டாக்கினால் பன்னிரண்டு. நடுவில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் துளை வேண்டும். உடைந்த மணிக்கூட்டிலிருந்து கழற்றிய இயந்திரமும் உதவும். அதன் தண்டு பலகையின் தடிப்பைவிட நீளமானதா என்று முதலே பாருங்கள். முட்கள் பாரமானால் இயந்திரம் இழுக்காது.

பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தச் சிறு பெட்டிக்குள் இருக்கும் பளிங்குத் துண்டு செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் ஒரு செக்கன். தோல் அதிர்ந்த இடத்தில் இப்போது பளிங்கு அதிர்கிறது என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆறு புள்ளிக் கணக்கும் பதினைந்து பாதிக் கணக்கும் புத்தகத்தில் படிப்பதைவிட மனதில் நிற்கும்.

அந்தப் பெரியவருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: ஐயா, காணிக்குப் பதிலாக மணிக்கூடு தரவில்லை. காணியை நாம் தொடர்ந்து கேட்போம், கேட்க வேண்டும். ஆனால் காணி திரும்பும் நாளில் தண்ணீரை நீதியாகப் பங்கிடத் தெரிந்தவர்களாகவும், ஒருவர் கைவேலையை மற்றவர் மதிப்பவர்களாகவும் நாம் போய் இறங்க வேண்டாமா? அந்தப் பழக்கத்தை நாளைக்கென்று தள்ளிவைக்காமல், இன்றைக்கே தொடங்குவோம்.