‘பார்ப்பேன்’ என்னும் வழக்கமும் ஆங்கில நிகழ்காலமும்

புனே–நாசிக் நெடுஞ்சாலையில் உள்ள சாகண், வெங்காயச் சந்தைக்குப் பேர்போன ஊர். இன்று பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வாகன் ஆலைகளாலேயே அது பெரிதும் அறியப்படுகிறது. இத்தகைய தொழில்நகரங்களில் தரத் தணிக்கைக்கு வருபவர், இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியிடமே நேரில் வினவுவதுண்டு: இந்த போல்ட்டின் டார்க்கை எப்போது சரிபார்க்கிறீர்கள்? மராத்தி இளைஞர் ‘ஐ செக் எவ்ரி டே’ என்பார். தமிழகத்திலிருந்து பட்டயம் முடித்துச் சென்றவரோ ‘டெய்லி ஐ வில் செக்’ என்று விடையளிக்கக்கூடும். முன்னது நடைமுறை, பின்னது வாக்குறுதி. இதுவரை அவர் சரிபார்த்ததே இல்லை போலும் என்று கேட்பவர் எண்ண இடமுண்டு.

இதை ‘ஆங்கிலம் வராது’ என்று ஒதுக்குவது சோம்பல். அவர் தமிழின் இலக்கணத்தைப் பிழையின்றிப் பின்பற்றியிருக்கிறார். ‘தினமும் பார்ப்பேன்’, ‘அப்பா ஆறு மணிக்கு எழுவார்’ என வழக்கத்தைத் தமிழ் எதிர்கால வடிவில் சொல்லும். ‘தினமும் பார்க்கிறேன்’ என்பதும் பிழையன்று. ஆனால் இயல்பாக நாவில் முந்துவது முதல் வடிவமே. மராத்தியில் ‘மீ சாகண்லா ராஹதோ’ என்னும் நிகழ்கால வடிவம் வழக்கத்தையும் தாங்குவதால், அங்கிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும் தொலைவு குறைவு.

தமிழின் இவ்வழக்கு மிகப் பழையது. முக்காலத்தும் நிலைபெறும் பொருளைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பிய வினையியலே விதிக்கிறது. உரையாசிரியர்கள் மலையின் நிலைபேற்றையும் ஞாயிற்றின் இயக்கத்தையும் அதற்கு எடுத்துக்காட்டினர். கிறு, கின்று, ஆநின்று ஆகியவற்றை நிகழ்கால இடைநிலைகளாகத் தொகுத்துச் சொல்வது, பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் நன்னூல். ஞாயிறு கிழக்கே உதிப்பதைச் சொல்ல ஆங்கில ஆசிரியர் எடுக்கும் ‘தி சன் ரைசஸ்’ என்னும் வடிவம், ஆக, தொல்காப்பியரின் ‘செய்யும்’ என்பதற்கே நெருங்கிய உறவு.

வகுப்பறையில் நடப்பது வேறு. ‘ஹீ கோஸ்’ என்றால் ‘அவன் போகிறான்’. ‘ஹீ இஸ் கோயிங்’ என்றால் ‘அவன் போய்க்கொண்டிருக்கிறான்’. ‘ஹீ வில் கோ’ என்றால் ‘அவன் போவான்’. மூன்று வரி, மூன்று பெட்டி. பேருந்தில் ஏறப் போகிறவனைச் சுட்டி ‘அதோ போகிறான்’ என்று சொல்லும் மாணவன் ‘ஹீ கோஸ்’ என்று மொழிபெயர்த்தால் அது தவறு. நாள்தோறும் பள்ளிக்குப் ‘போவான்’ என்பதை ‘வில் கோ’ ஆக்கினாலும் தவறு. பெட்டிகளை மனப்பாடம் செய்தவனே இரு தவறுகளையும் செய்வான். (‘வில்’ என்பதற்கும் வழக்கப் பொருள் ஆங்கிலத்தில் சிறிது உண்டு என்பது உண்மையே, தன் அன்றாடப் பணியைத் தானே விவரிக்குமிடத்தில் அது உதவாது.)

இவ்வளவுக்கும் தேர்வில் மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் படர்க்கை ஒருமையின் ‘ஸ்’ விடுபடும்போதுதான். ‘ஹீ செக் எவ்ரி டே’ என்றால் எந்தத் தணிக்கையாளருக்கும் பொருள் மாறாது. பொருளைக் கெடுக்காத பிழைக்குச் சிவப்பு மை. பொருளைப் புரட்டும் பிழைக்கு வகுப்பில் பெயர்கூட இல்லை.

‘ஹீ கோஸ்’ என்பதற்கு எதிரே ‘போவான் (வழக்கமாக)’ என்று முதலில் எழுதலாம். ‘ஸ்’ பற்றிய பாடம் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.